டயர் விலையைக் கேட்பதற்கு முன் டயரைப் படியுங்கள்

நாமக்கல்லில் பதினெட்டு ஆண்டுகளாக வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்தி வருகிறேன். டயர் விற்பது என் தொழில் அன்று. வேறு எங்கோ வாங்கிய டயரைக் கொண்டுவருபவர்களுக்கு அதை மாட்டிக் கொடுத்து, பேலன்சிங் பார்த்து, அலைன்மென்ட்டைச் சரிசெய்து அனுப்புவதுதான் என் வேலை. அதனால் கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. டயரையும் அதற்குரிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்கிறேன். ஒரே வாரத்தில், ஒரே நிறுவனத்தின் ஒரே அளவு டயருக்கு மூன்று பேர் மூன்று விலை கொடுத்திருப்பதையும், அந்த மூவரில் மிகக் குறைவாகக் கொடுத்தவரே பல நேரம் அதிகமாக ஏமாந்திருப்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன்.

"எந்தக் கடையில் சார் விலை குறைவு?" என்று கேட்காமல் என் பட்டறையை விட்டு யாரும் போவதில்லை. கடையின் பெயரைச் சொல்வதற்கு முன், அவர்கள் ஒப்பிடும் இரண்டு விலைகளும் ஒரே பொருளுக்கானவைதானா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அவை ஒரே பொருளுக்கானவையாக இருப்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்பது ரேடியல். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இவ்வளவையும் பெரும்பாலோர் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் வரும் 88எச் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. 88 என்றால் அந்த டயர் 560 கிலோ சுமை தாங்கும்; எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஒரே அளவில் இந்த எண்ணும் எழுத்தும் குறைந்த டயர் விலையும் குறைந்திருக்கும் என்பதால், தொலைபேசியில் விலை கேட்பவரிடம் அந்த விலையைச் சொல்வது சில கடைகளில் வழக்கமாகவே இருக்கிறது.

இதில் நான் கண்ட மோசமான எடுத்துக்காட்டு டாடா ஏஸ் வண்டியில்தான். ஏஸுக்கு உரியது 145 ஆர்12 எல்டி என்னும் எட்டு பிளை (எட்டு அடுக்கு நூலுக்கு இணையான வலிமை) சரக்கு வண்டி டயர். ஆல்டோ காருக்கு உரியது 145/80 ஆர்12. இரண்டும் ஒரே ரிம்மில் உட்காரும். பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும். காய்கறி ஏற்றும் தம்பி ஒருவர் விலை மலிவு என்று காருக்குரிய டயர் நான்கை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அந்த டயரில் 74 என்று இருந்தது. அதாவது ஒரு டயருக்கு 375 கிலோ. வண்டியின் எடையோடு அவர் ஏற்றும் வெங்காய மூட்டைகளையும் சேர்த்தால் பின் டயர் இரண்டும் அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருந்தன. பின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம் கண்டிருந்தது. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு டயருக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருந்த அவர் நான்கையும் கழற்றி எறிய வேண்டியதாயிற்று.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில், ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த நான்கு இலக்கங்கள் இருப்பதும் உண்டு. எனவே புரட்டிப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்டது என்றால் கேள்வியே வேண்டாம். ஓராண்டு வரை நிழலில், கிடங்கில் இருந்த டயரில் குறை காண மாட்டேன். அதற்கு மேல் என்றால் அது கெட்ட டயர் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் புது டயரின் விலையைக் கொடுக்கக் கூடாது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மூப்படையும். காரை வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்து, பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) தேயவே இல்லை என்று பெருமைப்படுபவரின் டயரில் விரல் வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் காய்ந்த வயல்வெளியின் வெடிப்புபோல் கீறல்கள் ஓடியிருக்கும்.

இனிக் கடைகளுக்கு வருகிறேன். கார் வைத்திருப்பவர்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்வது முதல் வழி. பெரும்பாலும் விலை கூடுதலானதும் அதுவே. டயருக்கான வாரன்டியைத் தருவது டயர் நிறுவனம்தான் என்பதால், அங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணம் கூடுதல் பாதுகாப்பு எதையும் வாங்கித் தருவதில்லை. டயர் நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு நடக்கும் கடைகள் இரண்டாவது வழி. அங்கே சரக்கு பெரும்பாலும் புதிதாக இருக்கும், வாரன்டிக்கு அலையவும் நேராது, ஆனால் பேரத்துக்கு இடம் குறைவு. பல நிறுவனங்களின் டயர்களையும் அடுக்கி வைத்திருக்கும் பெரிய டீலர்கள் மூன்றாவது. என் அனுபவத்தில் காருக்கு நியாயமான விலை பெரும்பாலும் கிடைப்பது இங்கேதான். இவர்களுக்கு நிறுவனங்கள் மாதாந்தர இலக்கு வைத்திருக்கும். மாதக் கடைசி வாரத்தில், அதிலும் மார்ச் முடிவில், நான்கு டயரையும் ஒருசேர வாங்குபவரை வெறுங்கையோடு அனுப்ப எந்த டீலருக்கும் மனம் வராது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு டயருக்குப் போய் நின்று பேரம் பேசினால் அந்தப் பேச்சு எடுபடாது.

நான்காவது இணையதளங்கள். அவற்றை நான் விலை அறிவதற்கான அளவுகோலாகவே பெரிதும் பயன்படுத்தச் சொல்வேன். இரண்டு தளங்களில் விலையைப் பார்த்துக்கொண்டு உள்ளூர் டீலரிடம் போனால் பேச்சு ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். தளத்திலேயே வாங்குவதானால் மாட்டும் கூலி, பேலன்சிங், வால்வு ஆகியவை அந்த விலையில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். எந்த வாரத்து டயர் வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். ரிம்மில் ஏற்றிய பிறகு டயரைத் திருப்பி எடுத்துக்கொள்ள எவரும் முன்வர மாட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் பேரம் பேசுவது டீலரின் லாபத்தில் மட்டும்தான். அதற்கு மேலே இருக்கும் விலை நம் கைக்கு எட்டாதது. ஐந்து பெரிய டயர் நிறுவனங்கள் கூடிப்பேசி விலையை ஏற்றின என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஆகஸ்டில் மொத்தம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த ஆணை 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் அதை மீண்டும் விசாரிக்கும்படி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. எது எப்படியோ, பெரிய நிறுவனங்களின் பட்டியல் விலைகள் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதைக் கடை கடையாய் ஏறி இறங்குபவர் எவரும் காணலாம்.

வரியைப் பற்றியும் கவனம் தேவை. புது டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கு 5 சதவீதமே. வரிக்கு முந்தைய விலை 20,000 ரூபாய் என்றால், பழைய வரியோடு 25,600 ஆகியிருந்த டயர் இப்போது 23,600க்குக் கிடைக்க வேண்டும். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் குறைப்பதாகச் சொல்லும் தொகை வரியில் பாதிகூட இருக்காது. பில் இல்லாமல் வாரன்டியும் இல்லை. பில்லில் நிறுவனம், அளவு, மாடல் ஆகியவற்றோடு டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். வாரன்டியில் புது டயர் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பட்டன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, ஓடிய அளவுக்கு உரிய பணத்தைப் பெரும்பாலும் நம்மிடமே வாங்குவார்கள்.

பழைய டயர் வாங்குவதை நான் முற்றாகத் தடுப்பதில்லை. புதுக் கார் எடுத்த கையோடு பெரிய சக்கரத்துக்கு மாறுபவர்கள் கழற்றிக் கொடுக்கும், நூறு கிலோமீட்டர்கூட ஓடாத டயர்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுவதெல்லாம் அந்த வகை அல்ல. சென்ற ஆண்டு ஒருவர் ஷோரூமில் கழற்றியது என்று சொல்லி இரண்டு டயர்களோடு வந்தார். கருகருவென்று பளபளத்தன. கையை வைத்தேன், விரலில் மை ஒட்டியது. பட்டனுக்கு இடையிலான பள்ளத்தில் நகத்தை ஓட்டினேன். தேய்மானத்தைக் காட்டுவதற்காகப் பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சிறு குறுக்குத் திட்டுகள் இருக்கும். அவை எங்குமே தட்டுப்படவில்லை. வழுக்கையாகிப்போன டயரில் சூடேற்றிய கத்தியால் புதிதாகப் பள்ளம் செதுக்கும்போது அந்தத் திட்டுகளையும் சேர்த்து அறுத்திருந்தார்கள். ஓரிடத்தில் பள்ளத்தின் அடியில் டயருக்குள் இருக்கும் கம்பி வலையே வெளியே தெரிந்தது. லாரி டயர்களில் சிலவற்றை இப்படிச் செதுக்குவதற்கு இடம் வைத்தே தயாரிப்பார்கள். அது பக்கவாட்டில் எழுதியும் இருக்கும். கார் டயருக்கு அந்த இடம் கிடையாது. அவற்றை நான் மாட்ட மறுத்தேன். அவர் வேறு பட்டறைக்குப் போயிருக்கக்கூடும்.

புதிது என்று சொல்லித் தெரியாத பெயரில் வரும் டயரானால் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். கார் டயருக்கு ஐஎஸ் 15633, லாரி, பஸ் டயருக்கு ஐஎஸ் 15636 என்று எண்ணும் சேர்ந்திருக்கும். 2020 ஜூன் முதல் புது டயர் இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும் என்று இருக்கும்போது, பில்லும் முத்திரையும் இல்லாத வெளிநாட்டு டயர் எப்படி வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

லாரி டயரின் கணக்கு வேறு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் டேங்கரும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் மிகுதி என்பதால் டீலர்களும் மிகுதி. போட்டியில் லாப விகிதம் குறைந்து, வெளியூர்க்காரர்கள்கூட இங்கே வந்து வாங்குகிறார்கள். ஆனாலும் அனுபவமுள்ள லாரி உரிமையாளர் டயரின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று பார்ப்பார். ஒரு டயர் 20,000 ரூபாய், 80,000 கிலோமீட்டர் ஓடி, உடம்பும் கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 25 பைசா. இன்னொன்று 24,000 ரூபாய், 90,000 ஓடியபின் கேசிங் என்னும் அந்த உடம்பு நன்றாக இருந்து, 7,000 ரூபாயில் ரீட்ரெட் செய்து (தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஏற்றி) மேலும் 60,000 ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 21 பைசாவுக்குள் முடிந்துவிடுகிறது. நான்கு பைசாவுக்குச் சற்று மேல்தானே என்று தோன்றும். மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் பத்துச் சக்கர வண்டியில் அது மாதத்துக்கு நாலாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

ஆகவே லாரிக்கு நல்ல விலை என்பதில் பாதி ரீட்ரெட் பட்டறையில்தான் தீர்மானமாகிறது. அச்சில் வைத்து ஏறத்தாழ 150 டிகிரியில் வேகவைப்பது பழைய முறை. முன்பே வெந்த பட்டன் பட்டையை ஒட்டி 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைப்பது இன்று பரவலாக உள்ள முறை. பின்னதில் கேசிங் குறைவாகவே வாடும். எந்த நிறுவனத்தின் பட்டை, எத்தனை மில்லிமீட்டர் கனம், பிரிந்துவந்தால் யார் பொறுப்பு என்பதை எழுதித் தரும் பட்டறைக்கே டயரைக் கொடுங்கள். ரீட்ரெட் டயரை முன் சக்கரத்தில் மாட்டவே கூடாது. பின்னால் ஜோடியாக ஓடும் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்; உயரமான டயர் ஒற்றையாகச் சுமையைச் சுமந்து முதலில் வெடிக்கும்.

புது லாரி டயர் வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடும் பழக்கமும் உண்டு. புது டயரின் விலை தனியாகவும், பழைய கேசிங்கின் விலை தனியாகவும் பேசப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் இடத்தில், மறுபடி ரீட்ரெட்டுக்குத் தாங்கும் கேசிங்கைக் குப்பை விலைக்குக் கொடுத்துவிட்டு, புது டயர் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி எண்ணைச் சூட்டுக்கோலால் டயரின் பக்கவாட்டில் பொறித்து வைக்கும் வழக்கம் நம் லாரிக்காரர்களிடம் உண்டு. வழியில் டயர் மாறிப்போகாமல் இருப்பதற்காகத் தொடங்கிய வழக்கம் அது. ரீட்ரெட்டுக்குக் கொடுக்கும்போது அந்த எண்ணோடு டயரின் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். டயர் திரும்பி வரும்போது பட்டனின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன், அந்த இரண்டு எண்களும் நீங்கள் கொடுத்தவைதானா என்று குனிந்து பாருங்கள்.