மிஸ்டைரக்‌ஷன்: தவறுமில்லை, திசையுமில்லை

மேஜிக் நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் வசன வரி (சப்டைட்டில்) எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலிருக்கிறது. "அவர் பார்வையாளர்களைத் தவறாக வழிநடத்தி நாணயத்தைக் காணாமல் போகச் செய்தார்." இதைப் படித்தால் மேடையில் நிற்பது வித்தைக்காரரா, சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடிப்போனவரா என்று சந்தேகம் வருகிறது. மிஸ்டைரக்‌ஷன் என்ற சொல்லை, அதாவது வித்தைக்காரர் நம் கவனத்தை வேறொன்றில் நிறுத்திவிட்டுக் காரியத்தை முடிக்கும் உத்திக்கான ஆங்கிலப் பெயரை, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்ச் சொல் ஒட்டியதால் வந்த வினை.

சொல்லின் பிறப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'மிஸ்' பிழையைக் குறிக்கும் முன்னொட்டு. 'டைரக்‌ஷன்' லத்தீன் வழிவந்தது, நேராக்குதல், நெறிப்படுத்துதல் என்று பொருள். நீதிபதி ஜூரிகளுக்குச் சட்டத்தைப் பிழையாக எடுத்துச் சொன்னாலும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அந்தப் பொருளுக்குத் 'தவறான வழிகாட்டல்' சரி. நீதிமன்றத்துக்குத் தைத்த சட்டையை வித்தைக்காரருக்கு மாட்டிவிட்டதுதான் தொல்லை.

நாணயம் மறைவது எப்படி என்று பாருங்கள். இடது கையில் இருக்கும் காசை வலது கை எடுப்பதுபோல் மூடுகிறது. காசு உண்மையில் இடது உள்ளங்கையிலேயே விழுந்து கிடக்கிறது. வித்தைக்காரர் தன் காலியான வலது கையைக் கண்ணால் தொடர்கிறார், நாமும் தொடர்கிறோம். அந்த நேரத்தில் இடது கை சாதாரணமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இதில் தவறு எங்கே வந்தது? யாரும் வழி கேட்கவில்லை, யாரும் வழி காட்டவுமில்லை.

'திசைதிருப்பல்' என்கிறார்கள் இன்னொரு சாரார். இது கொஞ்சம் மேல்; ஆனால் இதற்குத்தான் ஆதரவு அதிகம் என்பதால் இதைத்தான் அதிகமாக மறுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, அந்தச் சொல்லை அரசியல்வாதிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "பிரச்சினையைத் திசைதிருப்பும் முயற்சி" என்று தினமும் ஓர் அறிக்கை வருகிறது. அங்கே திருப்புகிறவர் திருப்புவது எல்லாருக்கும் தெரிகிறது. வித்தையில் அது தெரிந்துவிட்டால் வித்தையே இல்லை.

இரண்டாவது, திருப்பப்படுவது திசையா? சில வித்தைகளில் ஆம் என்று ஒப்புக்கொள்ளலாம். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற வித்தைக்காரர் ஸ்லைடினி, பார்வையாளர் ஒருவரை மேடையில் உட்காரவைத்துக் காகித உருண்டைகளை அவர் தலைக்கு மேலே வீசி எறிவார். அரங்கம் முழுக்கப் பார்த்துச் சிரிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் உருண்டை மறைந்த இடம் தெரியாது, ஏனென்றால் அவர் கண் ஸ்லைடினியின் கையில் இருக்கும். இது திசைதான், சரி.

ஆனால் 2005-இல் குஸ்டாவ் குன், பெஞ்சமின் டாட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை திசைக்கட்சியின் காலை வாரிவிட்டது. வித்தைக்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சிகரெட்டை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி மடியில் நழுவவிடுகிறார். பார்ப்பவர்களின் கண் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. விழுந்ததைக் கண்டுபிடித்தவர்களுக்கும் கோட்டை விட்டவர்களுக்கும் அந்த நொடியில் கண் இருந்த இடத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை! கண் எங்கே இருந்தது என்பது அல்ல, மனம் எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. மறு ஆண்டு குன், மைக்கேல் லாண்ட் இருவரும் செய்த சோதனை இன்னும் வேடிக்கை. பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதுபோல் கையை மட்டும் வீசி, முகத்தை மேலே தூக்கினால் போதும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மேலே போய் மறைந்ததைப் 'பார்த்தோம்' என்றார்கள். அவர்கள் கண்ணோ மேலே போகவே இல்லை, வித்தைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகும் திசையைப் பிடித்துத் தொங்குவானேன்?

'கவனச்சிதறல்' என்பவர்களுக்கு ஒரே வரி: வித்தைக்காரர் கவனத்தைச் சிதறடிப்பதில்லை, தனக்கு வேண்டிய இடத்தில் குவிக்கிறார்.

நம்மிடம் இருக்கும் சொல் பராக்கு. "பராக்குப் பார்க்காமல் படி" என்று அதட்டு வாங்காத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? யாழ்ப்பாணத்தில் பிராக்கு. கண் திறந்திருந்தும் கருத்து வேறிடத்தில் இருக்கும் நிலைக்குப் பெயர் அது. நிலாவையும் காக்கையையும் காட்டி, பிள்ளை வாய் திறந்த நேரத்தில் ஒரு கவளத்தை உள்ளே தள்ளுவதற்குப் பெயர் பராக்குக் காட்டுதல். இதைவிடத் துல்லியமாக மிஸ்டைரக்‌ஷனை யார் விளக்க முடியும்? காட்டப்படுவது ஒன்று, நடப்பது ஒன்று, நடப்பது கண்ணெதிரே. 'காட்டுதல்' என்ற வினையில் குவிப்பும் அடங்கிவிட்டது.

பராக்கு வடசொல் ஆயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஆம், 'பராக்' என்றால் வடமொழியில் அப்பால் திரும்பிய என்று பொருள். தெலுங்கிலும் பராகு என்றால் கவனமின்மை. (அரசவையில் கட்டியக்காரன் "பராக்! பராக்!" என்று கூவியது மட்டும் 'கவனம், கவனம்' என்ற நேர்மாறான பொருளில். சொற்கள் இப்படியும் வித்தை காட்டும்.) அப்படியென்றால் திசைதிருப்பலில் இருக்கும் திசையும் கவனச்சிதறலில் இருக்கும் கவனமும் எந்த ஊர்? தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை; இங்கே அவர்கள் முன்வைக்கும் சொற்களில் அந்தத் தூய்மையும் இல்லை.

அந்த வசன வரியின் மறுபாதியையும் விடுவதற்கில்லை. 'காணாமல் போகச் செய்தார்' என்பது காவல் நிலையப் புகார். 'மாயமாக்கினார்' என்று எழுதலாமென்றால் "நகை மாயம்", "மீனவர் மாயம்" என்று செய்தித்தாள்கள் அதையும் அதே புகாருக்குள் தள்ளிவிட்டன. கரத்தல் என்று ஒரு வினை தமிழில் இருக்கிறது, தன்னிடம் உள்ளதை ஒளித்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளை ஒப்பிக்கிறவர்கள் வெளியே எடுக்காமல் வைத்திருக்கும் சொல். காசு எங்கும் போகவில்லை, உள்ளங்கையில்தான் இருக்கிறது என்பதால் கரத்தல் உண்மைக்கும் நெருக்கம். மூன்று கிண்ணத்தையும் உருண்டையையும் வைத்து ஆடும் ஆட்டத்துக்குச் 'கப்ஸ் அண்ட் பால்ஸ்' என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பு தேடுகிறவர்களுக்குச் செப்படி வித்தை என்ற சொல் இருப்பதே நினைவில் வருவதில்லை. செப்பு என்பது சிறு கிண்ணம்தான் ஐயா. மலையாளிகள் இன்றும் செப்படிவித்யா என்கிறார்கள்.

வசன வரி இப்படி இருக்கட்டும்: "பராக்குக் காட்டிக் காசைக் கரந்துவிட்டார்." எழுத்தும் பாதியாகக் குறைகிறது, திரையில் இடமும் மிச்சம்.