வாக்கிங் போகிறவர் வெயிட்டும் தூக்க வேண்டுமா?

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்துக்கு எடை சரியா என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக் செய்யும் பெரிய உடற்பயிற்சியே ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்று அவர்களே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். அவர் குறைந்த எடையோடு பிறந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஆள் ஒல்லிதான், தொப்பை மட்டும் எட்டிப் பார்க்கும், நாற்பது வயதிலேயே சுகர் வந்திருக்கும். நம் சொந்தபந்தத்தில் இப்படி ஒருவராவது இருப்பார். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். டாக்டர் நடக்கச் சொல்கிறார், இவர்களும் விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த உடல்வாகில் கொழுப்பு கூடியிருப்பதோடு தசையும் குறைந்திருக்கிறது. அதை நடையால் மட்டும் சரிக்கட்ட முடியாது என்பதுதான் என் கட்சி.

தசைக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்? இன்சுலினையும் குளுக்கோஸையும் நேரடியாக ரத்தத்தில் ஏற்றிப் பார்க்கும் சோதனையில், உள்ளே போகும் குளுக்கோஸில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன. குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற இருப்பு வடிவில் சேமித்து வைப்பதிலும் தசைதான் முதலிடம்: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். தசை செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைய க்ளூட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். அதை வரவழைப்பது இன்சுலின். சர்க்கரை நோயாளிக்கு இந்த இடத்தில்தான் கோளாறு, இன்சுலின் கூப்பிட்டாலும் க்ளூட்-4 போதிய அளவு வருவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவு இல்லாமலே க்ளூட்-4 மேலே வந்துவிடுகிறது. உடற்பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலின் சொல்லைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இதுவரை சொன்னது நடைக்கும் பொருந்தும். வித்தியாசம், எந்தத் தசையிழை வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. தசைக்குள் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் உண்டு, வேகமாகச் சுருங்கும் தடித்த இழைகளும் உண்டு. எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியலாளர் பூனைகளின் நரம்புகளை ஆராய்ந்து ஒரு ஒழுங்கைக் கண்டார்: முதலில் சிறிய நரம்பு செல்கள் இயங்கும், பாரம் கூடக் கூடத்தான் பெரியவை சேர்ந்துகொள்ளும். பெரியவற்றின் பொறுப்பில்தான் அந்த வேகமான இழைகள் இருக்கின்றன. சமதரையில் பேசிக்கொண்டே நடப்பவருக்கு அவை பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. வயதாக ஆக அதிகம் மெலிவதும் அதே இழைகள்தான். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற பெரியவர் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையூன்றுவது இதனால்தான்.

மெலிந்ததை மீட்க முடியுமா? 1990இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரும் குழுவினரும் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் எட்டு வாரத்தை முடித்தார்கள். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான் கூடியது. முதல் சில வாரங்களில் வளர்வது தசையைவிட, இருக்கிற இழைகளை ஒருசேர இயக்க நரம்புகள் கற்றுக்கொள்ளும் திறமை. தசை பருக்க மாதங்கள் ஆகும். கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு ஒரே மாதத்தில் ஜிம்மை விடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, அப்படியானால் நடையை நிறுத்திவிட்டு எடையைப் பிடிக்கலாமா? கூடாது. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953லேயே காட்டிவிட்டார். இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுவது, தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்களும், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுவது எல்லாம் முக்கியமாக மூச்சிரைக்கும் பயிற்சியின் வேலை. வெயிட் தூக்குவதில் அந்த அளவுக்குக் கிடைக்காது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது 2010இல் வந்த ஹார்ட்-டி ஆய்வு. சர்க்கரை நோயுள்ள 262 பேர், ஒன்பது மாதம். ஒரு குழுவுக்கு டிரெட்மில் மட்டும், ஒரு குழுவுக்கு எடை மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். மூன்று குழுவுக்கும் நேரம் ஏறக்குறைய சமம், அதாவது இரண்டையும் செய்தவர்கள் ஒவ்வொன்றையும் குறைத்துத்தான் செய்தார்கள். பயிற்சி இல்லாத குழுவோடு ஒப்பிட்டால், மூன்று மாதச் சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி குறிப்பிடும்படி இறங்கியது இரண்டும் செய்தவர்களுக்கு மட்டுமே. இறக்கம் 0.34 புள்ளி. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே நேரத்தைப் பிரித்துச் செலவழித்ததற்குக் கிடைத்த லாபம் அது.

ஆகவே வாரம் ஐந்தாறு நாள் நடக்கிறவர் இரண்டு நாள் நடையைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு அந்த நேரத்தைத் தசைக்குக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு இரண்டு நாள் தசைப் பயிற்சிதான். ஜிம் கட்டாயம் இல்லை. தோப்புக்கரணம், சுவரில் கையூன்றித் தண்டால், கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுவது போதும். கணக்கு ஒன்றுதான், கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். முப்பது தோப்புக்கரணத்தை அலட்டிக்கொள்ளாமல் போடுகிறவர் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும்.

தம் பிடித்துத் தூக்குவது மட்டும் வேண்டாம். 1985இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உடற்கட்டு வீரர்கள் ஐந்து பேரின் தமனிக்குள்ளேயே கருவியைச் செருகி அளந்தார்கள். இரு காலாலும் பெரும் பாரத்தைத் தள்ளியபோது ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. இறுகிய தசை ரத்தக்குழாயை நெரிப்பது ஒரு காரணம், மூச்சை அடக்குவது இன்னொன்று. பாரம் குறைவாக இருந்து மூச்சும் சீராகப் போனால் இவ்வளவு ஏறாது. தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். பிபி கட்டுக்குள் வராதவர்களும், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகுதான் எடையைத் தொட வேண்டும். அதுவரை அவர்களுக்கு நடையே போதும்.