ஸ்பான்சர்டு ரிசர்ச்: நல்கை ஆய்வு

பழைய ரோமில் வாய்மொழி ஒப்பந்தம் செய்யும்போது ஒருவர் 'ஸ்பொந்தெஸ்னே?' என்று கேட்பார். உறுதி தருகிறாயா என்று பொருள். மற்றவர் 'ஸ்பொந்தேயோ', தருகிறேன், என்பார். அந்த ஒரு சொல்லோடு பொறுப்பு அவர் தலையில் ஏறிவிடும். இந்த வினையிலிருந்து வந்ததுதான் 'ஸ்பான்சர்'. இலத்தீனில் அதற்குப் பிணையாளி என்று பொருள். பின்னர் திருமுழுக்கில் குழந்தைக்காக வாக்குக் கொடுக்கும் ஞானப்பெற்றோரைக் குறித்தது. செலவை ஏற்பவர் என்ற பொருள் வானொலி விளம்பரக் காலத்தில் வலுத்தது.

பொறியியல் பேராசிரியர்கள் பேசும் 'ஸ்பான்சர்டு புராஜெக்ட்'டில் பழைய வாக்குறுதி இன்னும் உயிரோடு இருக்கிறது. பேராசிரியர் திட்டம் எழுதி அனுப்புகிறார். அறிவியல் தொழில்நுட்பத் துறையோ இஸ்ரோவோ ஒரு தொழில் நிறுவனமோ செலவை ஏற்கிறது. பணம் அவர் கைக்கு வருவதில்லை, கல்வி நிறுவனத்தின் கணக்குக்கு வருகிறது. கருவி, ஆய்வு உதவியாளர் ஊதியம், பயணம், மேற்செலவு என்று தலைப்பு வாரியாகப் பிரிந்தே வருகிறது. அரசுப் பணம் என்றால், வந்த பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை கிடைப்பது அரிது. வாக்கு இருபக்கமும் கட்டுகிறது.

இப்படி நடக்கும் 'ஸ்பான்சர்டு ரிசர்ச்'சுக்குப் 'புரவலர் ஆய்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. புரத்தல் என்றால் காத்தல், அழகான சொல்தான். ஆனால் புரவலர் என்றாலே எதிரில் இரவலர் நிற்கிறார். புறநானூற்றிலேயே இரண்டும் இணையாக வருகின்றன. மாதக்கணக்கில் கணக்கிட்டு, வல்லுநர் குழுவின் கேள்விகளுக்கு விடை சொல்லி, திட்டத்தை வென்றெடுக்கும் ஆய்வாளர் இரவலர் அல்லர். 'நன்கொடை' இன்னும் பொருந்தாது. நன்கொடைக்கு யாரும் தவணைதோறும் கணக்குக் கேட்பதில்லை.

'நல்கை' பொருந்துகிறது. நல்குதல் என்பதற்குச் சங்க இலக்கியத்தில் அருளுதல் என்ற பொருளும் உண்டு. ஆயினும் பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதிப் பழகிய பிறகு, ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கப்படும் நிதி என்ற பொருள் அதில் நிலைத்துவிட்டது. ஆகவே நல்கை ஆய்வு. சற்று விரித்துச் சொன்னால் நிதிநல்கை ஆய்வு.

இதை ஆலோசனைப் பணியோடு குழப்பக்கூடாது. சென்னை ஐஐடியின் ஐ.சி.எஸ்.ஆர். (இண்டஸ்ட்ரியல் கன்சல்டன்சி அண்ட் ஸ்பான்சர்டு ரிசர்ச்) அலுவலகப் பெயரிலேயே இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு கட்டுமான நிறுவனம் தன் பாலத்தின் வடிவமைப்பைச் சரிபார்க்கக் கட்டணம் கொடுத்தால் அது ஆலோசனை. இந்த வேறுபாட்டில் பணமும் இருக்கிறது: 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில், பல்கலைக்கழகங்கள் பெறும் ஆய்வு நல்கைகளுக்கு வரிவிலக்குப் பரிந்துரைத்தது. ஆலோசனைக் கட்டணத்துக்கு அந்த விலக்கு இல்லை.