டானிக் போத்தல் வாங்குவதற்கு முன்னால் கிளினிக் கார்டை ஒருமுறை பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். தோட்டத்தில் சம்பளம் போட்டதும் டவுனுக்கு வருகிற அம்மாமார் அதிகம் கேட்பது பிள்ளைக்கு ஒரு விட்டமின் டானிக். "புள்ள சாப்பிட மாட்டேங்குது, மெலிஞ்சு போச்சு, நல்லதா ஒண்ணு குடுங்க" என்பார்கள். நான் முதலில் வயதைக் கேட்பேன், அப்புறம் கிளினிக்கில் கடைசியாக எப்போது நிறை பார்த்தார்கள் என்று கேட்பேன். விட்டமினுக்கும் கிளினிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் யோசிப்பது முகத்திலேயே தெரியும். சம்பந்தம் இருக்கிறது. நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த காசைக் கொடுத்து வாங்க வருகிற சத்துகளில் பெரும்பகுதி, உங்கள் பகுதி கிளினிக்கிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

யாரிடம் கேட்பது? உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மிட்வைஃப் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவரிடம். அவர் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் கீழ் வேலை செய்கிறார், எம்.ஓ.எச். ஒபிஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். கிளினிக் சில தோட்டங்களில் மருந்துக் காம்பராவில் நடக்கும், சில இடங்களில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலோ பொது மண்டபத்திலோ நடக்கும், சில டிவிசன்காரர்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்து போக வேண்டியிருக்கும். நாளும் இடமும் தெரியாவிட்டால் பிள்ளை மடுவத்தில் இருப்பவர்களையோ தோட்டத்து டொக்டரையோ கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் எம்.ஓ.எச். ஒபிஸுக்குப் போய்த் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொல்லி, எங்களுக்கு மிட்வைஃப் யார் என்று கேட்டால் போதும்.

கர்ப்பிணித் தாய்மாரிடம் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாத்திரைகள் அதிகம் வீணாவது இங்கேதான். பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்குக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுக்கிறார்கள். குழந்தையின் முதுகெலும்பும் மூளையும் உருவாகத் தொடங்குவது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத அந்த முதல் சில வாரங்களில்தான், அதனால் கல்யாணமான புதிதிலேயே மிஸ்ஸியிடம் பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. மூன்று மாதம் தாண்டியதும் இரும்புச்சத்து, விட்டமின் சி, கல்சியம் மாத்திரைகள் சேரும். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் வரை இவை உண்டு, இது பல தாய்மாருக்குத் தெரியாது.

சரி, வாங்கி வந்த மாத்திரை என்ன ஆகிறது? இரும்பு மாத்திரையைப் பிளேன்டியோடு, அதாவது பால் இல்லாத தேத்தண்ணியோடு, விழுங்குகிறார்கள். நம் மலையில் காலை எழுந்தது முதல் தேத்தண்ணிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. மாத்திரை போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம், பாலும் வேண்டாம். கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்று இன்னொன்றைத் தடுக்கும். கல்சியம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பும் விட்டமின் சியும் இரவில் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். வயிற்றைப் பிரட்டினால் மாத்திரையைக் குப்பையில் போடாமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். அந்த மாத்திரைகளைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வரிசை வீடான லயத்து அறையில் எட்டாத இடம் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்கு வருவோம். ஆறு மாதம் முடிந்ததும் பல சத்துகள் கலந்த சிறு தூள் பக்கட்டுகள் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மாதம். பிறகு ஒரு வயதிலும் ஒன்றரை வயதிலும் அதேபோல. மசித்த சோற்றில் குழந்தை கட்டாயம் சாப்பிட்டு முடிக்கும் இரண்டு மூன்று கரண்டியை மட்டும் தனியாக எடுத்து, சூடு ஆறிய பிறகு தூவி, அரை மணித்தியாலத்துக்குள் ஊட்டிவிடுங்கள். கொதிக்கும் கஞ்சியில் போட வேண்டாம், தேத்தண்ணியில் கலக்கவே வேண்டாம்.

விட்டமின் ஏ ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இதில்தான் நம் பிள்ளைகள் பலர் தவறிப்போகிறார்கள் என்பது என் அனுபவம். ஒன்றரை வயது ஊசி வரை எல்லாரும் ஒழுங்காகக் கிளினிக் போகிறார்கள், அடுத்த ஊசி மூன்று வயதில் என்பதால் நடுவில் ஊசியும் இல்லை, போகவும் இல்லை. ஆனால் இரண்டு வயதிலும் இரண்டரை வயதிலும் விட்டமின் ஏ இருக்கிறது. பிள்ளையின் கார்டை, பையனுக்கு நீலம் பெண் பிள்ளைக்கு ரோஸ், திறந்து விட்டமின் ஏ பக்கத்தில் திகதி எழுதாமல் வெறுமையாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம் திரிபோஷா என்கிற சத்து மாவு. 1973இல் தொடங்கிய திட்டம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது. 2016 சனத்தொகை சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 வீதம், பெருந்தோட்டத்தில் 31 வீதத்துக்கும் மேல். அந்த 31இல் நம் லயத்துப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள், எனக்கு அதை வெறும் எண்ணாகப் பார்க்க முடிவதில்லை. வீட்டில் எல்லாரும் பசியோடு இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் அந்தப் பக்கட் யார் பெயரில் வந்ததோ அவருக்கே கொடுங்கள். மாவு ஏற்கெனவே பதப்படுத்தியது, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தாலே பிள்ளைகள் சாப்பிடும். சில மாதங்களில் வந்து சேராது. அப்போது அடுத்து எப்போது என்று கேட்டு வையுங்கள், கிளினிக்கையே நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு இரும்பு மாத்திரை பாடசாலையிலேயே கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அந்த நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

கிளினிக் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும் என்று சொல்கிற அம்மாமாரிடம் எனக்கு வாதமே இல்லை, அது உண்மையான நட்டம். ஆனால் அம்மாதான் வர வேண்டும் என்றில்லை. அப்பாவோ பாட்டியோ கார்டோடு பிள்ளையைத் தூக்கி வரலாம். அம்மா கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிற வீடுகளில் இதைத் தெரியாமலேயே பிள்ளைகள் விடுபடுகிறார்கள். கொழும்பில் வேலை செய்துவிட்டுக் கர்ப்பமாகத் தோட்டத்துக்கு வந்திருக்கும் மகள்களும் இங்கே இருக்கும் மிஸ்ஸியிடமே பதியலாம். மிஸ்ஸி சிங்களத்தில் பேசினால் புரியாமல் தலையாட்டிவிட்டு வராதீர்கள், சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது மாத்திரைப் பையை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பாமசியில் காட்டிக் கேளுங்கள், அதற்குக் காசு தேவையில்லை.

பெரியவர்களுக்கு இப்படி வழக்கமாகக் கொடுக்கும் விட்டமின் கிடையாது. களைப்பு, தலைசுற்று, மூச்சு வாங்குவது என்று இருந்தால் சத்து மாத்திரை தேடி என்னிடம் வருவதைவிட அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவான ஓ.பி.டி.யில் காட்டி, இரத்தம் குறைவா என்று சோதித்துக்கொள்ளுங்கள். குறைவு என்றால் மருந்தும் அங்கேயே இலவசம்.