விடைத்தாளைப் பார்க்காமல் அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு உட்காராதீர்கள்

சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில் எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓய்வதில்லை. தேறியவர்கள் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற அலுவலகப் பயிற்சிக்கு இடம் கேட்டு அழைப்பார்கள். தேறாதவர்களுக்காகப் பெரும்பாலும் அவர்களுடைய அப்பாக்கள் அழைப்பார்கள். அந்த அப்பாக்களின் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றேதான்: "சார், எந்த கோச்சிங்கில் மறுபடி சேர்க்கலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்தாயிற்றா? மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது.

தோற்றவர் மீண்டும் தோற்பதற்கு நான் கண்டவரையில் முதன்மையான காரணம் உழைப்புக் குறைவு அன்று. எங்கே மதிப்பெண் போயிற்று என்பதைப் பார்க்காமல், முதல்முறை படித்ததையே முதல் பக்கத்திலிருந்து அதே முறையில் மீண்டும் படிப்பதுதான் காரணம். இதை நான் பிறரைப் பார்த்துச் சொல்லவில்லை. சி.ஏ.வின் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட் தேர்வு பி.ஈ.-2 என்ற பெயரில் நடந்த காலத்தில், கணக்கியல், தணிக்கை, சட்டம் ஆகிய மூன்று தாளும் சேர்ந்த தொகுதியான முதல் குரூப்பில் நான் 52, 37, 56 என்று வாங்கி 145இல் நின்றேன். கணக்கியலில் ஒரு பெரிய கணக்கை முடிக்காமல் விட்டது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், அதுதான் என்னைக் கவிழ்த்தது என்று முடிவுகட்டி, அடுத்த நான்கு மாதமும் கணக்கியலையே போட்டேன். அடுத்த முறை கணக்கியல் 66, சட்டம் 53, தணிக்கை 38. மொத்தம் 157. குரூப்புக்குத் தேவையான கூட்டுத்தொகை 150ஐத் தாண்டியும் தேறவில்லை, ஏனெனில் ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும். தணிக்கை விடைகளை நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்க்க அன்று வழியே இல்லை. நான் பயிற்சி பெற்ற ஆடிட்டரான என் பிரின்சிபல்தான் ஒருநாள் என்னை உட்காரவைத்து ஒரு விடை எழுதச்சொல்லிப் படித்துவிட்டு, "தம்பி, நீ கிளையண்டுக்கு விளக்கம் சொல்கிறாய், எக்ஸாமினருக்கு விடை சொல்லவில்லை" என்றார்.

இன்றைய மாணவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. மதிப்பிடப்பட்ட விடைத்தாளைத் தேர்வர் பார்ப்பதும் நகல் பெறுவதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவருடைய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று ஒரு பள்ளித் தேர்வு வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தேர்வை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் இப்போது ஒரு தாளுக்கு 500 ரூபாய் கட்டணத்தில் சான்றிட்ட நகல் தருகிறது. முடிவு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சரிபார்ப்பு என்பது இதிலிருந்து வேறானது. அதில் கூட்டல் சரியா, திருத்தாமல் விடப்பட்ட விடை ஏதும் உண்டா என்பவற்றை மட்டுமே பார்ப்பார்கள், மறுமதிப்பீடு கிடையாது. அந்தச் சரிபார்ப்பின் முடிவுக்காகக் காத்திருந்து அடுத்த தேர்வின் விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

நகலில் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிவரும் மாணவி ஒருவர் இன்டர் முதல் குரூப்பில் கணக்கியல் 57, சட்டம் 39, வரி 51 என்று 147 எடுத்திருந்தார். சட்டத் தாளின் நகலை மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். 1,200 உறுப்பினர்கள் கொண்ட பொது நிறுவனம் ஒன்றின் கூட்டத்துக்கு 14 பேர் நேரிலும் 3 பேர் பிராக்ஸி (பதிலாள்) மூலமும் வந்தனர், கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்ற வகையில் ஒரு கேள்வி. அவர் எழுதியது இரண்டே வரி: கோரம் இல்லை, ஆகவே கூட்டம் செல்லாது. ஐந்துக்கு ஒன்று விழுந்திருந்தது. விடை தெரியாதவர் அல்லர். நான் கேட்டதும் கடகடவென்று சொன்னார். நிறுவனங்கள் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி, உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி ஐயாயிரம் வரை இருக்கும் பொது நிறுவனத்துக்கு 15 பேர் நேரில் இருக்க வேண்டும், பிராக்ஸி கணக்கில் சேராது, அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால் பொதுவாகக் கூட்டம் அடுத்த வாரம் அதே நாளுக்கு ஒத்திவைக்கப்படும். "இதையெல்லாம் ஏம்மா எழுதவில்லை?" என்றேன். "அது எக்ஸாமினருக்குத் தெரியுமே சார்" என்றார்.

சட்ட விதி, கொடுத்த விவரத்தோடு அதைப் பொருத்திக் காட்டுதல், முடிவு என்று மூன்று படியாக எழுத வேண்டிய இடத்தில் அவர் கடைசிப் படியை மட்டும் எழுதியிருந்தார், அதுவும் பாதி தவறாக. ஒத்திவைக்கப்படுவதைச் செல்லாது என்று எழுதிவிட்டார். அடுத்த பக்கங்களில் இதற்கு நேர்மாறான கோளாறு இருந்தது. நன்றாகத் தெரிந்த ஒரு நான்கு மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம். கடைசிக் கேள்வி பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. நூறு மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 14 மதிப்பெண் கேள்வியை 25 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். இந்தக் கணக்கைச் சொல்லாத கோச்சிங் கிடையாது. ஆனால் தன் கையெழுத்தில், தன் பேனா நின்ற இடத்தைப் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது.

நகல் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கழகமே ஒவ்வொரு தேர்வுக்கும் சஜஸ்டட் ஆன்சர்ஸ் என்ற மாதிரி விடைகளை வெளியிடுகிறது; தேர்வர்கள் செய்த பொதுவான தவறுகள் பற்றிய எக்ஸாமினர் குறிப்புகளும் கிடைக்கின்றன. அதே வினாத்தாளைக் கையில் எடுத்து, கடிகாரம் வைத்து இன்னொரு முறை எழுதிவிட்டு, பிறகு அந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பதால், பொருள் புரிந்தும் சொல் வராமல் திணறுகிறவர்கள் நம் பிள்ளைகளில் அதிகம். நாளுக்கு அரைப் பக்கம் சஜஸ்டட் ஆன்சரைக் கையால் படியெடுத்து எழுதச் சொல்வேன். பள்ளிக்கூடத்துக் காப்பி நோட்டு போலத் தோன்றும், தோன்றட்டும். ஒரு மாதத்தில் சட்டத்தின் சொற்றொடர்கள் கைக்கு வந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலைப் படிப்பதும் ஒரு வேலைதான். 52, 44, 47 என்று 143 எடுத்தவரும் 62, 45, 35 என்று 142 எடுத்தவரும் ஒரே நிலையில் இல்லை. முதலாமவர் எந்தத் தாளிலும் விழவில்லை, கூட்டுத்தொகைக்கு ஏழுதான் குறைவு, ஆனாலும் மூன்று தாளையும் மீண்டும் எழுத வேண்டும். இரண்டாமவருக்கு 60ஐத் தாண்டிய தாளை மறுபடி எழுத வேண்டாம் என்ற எக்ஸெம்ப்ஷன் கிடைக்கிறது. அந்த 62 அப்படியே கூட்டுத்தொகையில் சேரும் என்பதால், மீதி இரண்டு தாளிலும் தலா 40க்குக் குறையாமல் மொத்தம் 88 எடுத்தால் போதும். ஆனால் அந்த எக்ஸெம்ப்ஷன் இப்படிக் கூட்டுத்தொகையில் சேர்வது அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்குத்தான், நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும். ஆண்டுக்கு இரண்டு தேர்வு நடந்தபோது அது ஒன்றரை ஆண்டு. 2024 முதல் இன்டர் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை என்றானபின் ஓராண்டுதான். "இந்த முறை விட்டுவிட்டு அடுத்த முறை நிதானமாக எழுதுகிறேன்" என்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டு குரூப்பும் பாக்கி இருப்பவர்கள் ஒன்றாக எழுதுவதா, தனித்தனியாகவா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. விதியைப் பொறுத்தவரை சேர்த்து எழுதுவதில் நட்டம் இல்லை. எல்லாத் தாளிலும் 40 இருந்து, ஒரு குரூப்பில் 165, மற்றதில் 138 எடுத்தால் மொத்தம் 303 ஆகி, இரண்டுக்கும் சேர்த்துத் தேவையான 300ஐத் தாண்டுவதால் இரண்டும் தேறிவிடும். தனியாக எழுதியிருந்தால் அந்த 138 தோல்வி. கழகத்தின் புதிய கல்வித் திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர முடியும் என்பதும் சேர்த்து எழுதத் தூண்டும். நேரம்தான் தடை. மே மாதம் எழுதியவருக்கு ஜூலையில் முடிவு வந்தால் செப்டம்பர் தேர்வுக்கு ஏறக்குறைய இரண்டு மாதமே இருக்கும். அதற்குள் ஆறு தாளையும் எழுதிப் பழக முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். படிக்க முடியுமா என்று கேட்கவில்லை.

வரித் தாளில் மட்டும் பழைய நோட்டை நம்பக் கூடாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வருகிறது. மனப்பாடமாக இருந்த பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் பொருந்தும் என்பதைக் கழகத்தின் அறிவிப்பில் பார்த்த பிறகே புத்தகம் வாங்குங்கள். இன்னொன்று, 30 மதிப்பெண் கொள்குறிப் பகுதியில் இன்டருக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, அப்படியிருந்தும் ஓ.எம்.ஆர். தாளில் வட்டங்களை வெறுமையாக விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்!

நான் மேலே சொன்ன மாணவி புது கோச்சிங் எதிலும் சேரவில்லை. அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு மூலையில் உட்கார்ந்து, செல்பேசியில் 25 நிமிட அலாரம் வைத்து, நாளுக்கு இரண்டு கேள்வி எழுதினார். அலாரம் அடித்தால் எழுதிய வாக்கியம் பாதியில் இருந்தாலும் பேனாவை மூட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். முதல் இரண்டு வாரம் ஒரு விடைகூட முடியவில்லை. எரிச்சலில் அலாரத்தை 30 நிமிடமாக்கி வைத்துக்கொண்டதையும் ஒருநாள் கண்டுபிடித்தேன். அடுத்த தேர்வில் சட்டத்தில் 58 எடுத்து அந்தக் குரூப்பை முடித்தார். அந்தத் தாளின் நகலையும் வாங்கிப் பார்க்கலாமே என்று எனக்கு ஆசை. "பாஸான பேப்பருக்கு எதுக்கு சார் ஐந்நூறு ரூபாய்?" என்று கேட்டுவிட்டார்.