ரெய்டுக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது?

மும்பையில் ஏதோ ஒரு லாட்ஜில் ரெய்டு, புரோக்கர் கைது, பெண்கள் மீட்பு என்று செய்தி வரும். துப்பட்டாவால் முகத்தை மூடியபடி நாலைந்து பெண்கள் வேனில் ஏறும் படம் ஒன்று கூடவே இருக்கும். செய்தி அத்தோடு முடிந்துவிடும். அந்த வேன் எங்கே போகிறது, அடுத்த நாள் அந்தப் பெண்களை யார் முன்னால் நிறுத்துகிறார்கள், எத்தனை மாதம் கழித்து அவர்கள் வெளியே வருகிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. வழக்கறிஞராக நான் பார்ப்பதெல்லாம் அந்தப் பகுதியைத்தான்.

மீட்கப்பட்டவர்களில் தமிழ் பேசும் பெண் இருந்தால் தாராவி வட்டாரத்தில் யாராவது எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. வீட்டு வேலை, பார்லர் வேலை, கேட்டரிங் வேலை என்று சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார்கள். தகவல் தெரிந்து தாதரில் வந்து இறங்கும் பெற்றோர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கிறார்கள். "எங்க பொண்ணை எங்ககிட்டயே விட்டுடுங்க ஐயா" என்று கெஞ்சுகிறார்கள். அங்கே நிற்கும் எவனோ ஒருவன் பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறான். கடன் வாங்கி வந்த பணம் அவனிடம் போய்விடுகிறது.

பெண்ணை விடுவதோ வைப்பதோ போலீஸ் கையில் இல்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்பார்கள், மும்பை கோர்ட்டுகளில் 'பிட்டா' என்றால்தான் புரியும். அதன் 17-ஆம் பிரிவின்படி மீட்கப்பட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும். அவர் விசாரணை நடத்துவார். அவளுடைய வயது, பின்னணி, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் அறிக்கை தருவார். அந்த விசாரணைக்காக மூன்று வாரம் வரை அவளைக் காவலில் வைக்கலாம். பாதுகாப்பு தேவை என்று மாஜிஸ்திரேட் முடிவுசெய்தால், காரணங்களை எழுதி, ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டுக்கு மிகாமல் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். அந்த உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.

மீட்கப்பட்ட பெண் குற்றவாளி அல்ல. ஆனாலும் மூன்று ஆண்டு வரை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்க நேரலாம். அவளைப் பற்றிய இந்த விசாரணையில் அவள் விருப்பம் என்ன என்று கேட்டுப் பதிவுசெய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. பெரும்பாலான நாட்களில் இருப்பதில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண். கோர்ட் வராந்தாவில் பெண் போலீசுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்தியில் எதைக் கேட்டாலும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபைலைப் பார்த்தால் ஏற்கெனவே அவள் பெயரில் ஒரு வக்காலத்து, அதாவது ஒரு வக்கீல் அவளுக்காக ஆஜராகலாம் என்று அவள் கையெழுத்திட்ட பத்திரம், தாக்கலாகியிருந்தது.

"இந்தப் பேப்பர்ல நீதான் கையெழுத்துப் போட்டியாம்மா?"

"ஆமாக்கா. அந்த வக்கீல் சார் போடச் சொன்னாரு."

"அவரை யாரு அனுப்புனது?"

"அண்ணி."

அண்ணி என்று அவள் சொன்னது, அவளை வைத்திருந்த விபச்சார வீட்டை நடத்தியவளை. அதே எஃப்.ஐ.ஆரில் முதல் குற்றவாளி. அவளுடைய வக்கீலே இவளுக்கும் ஆஜராகி, இவளை வெளியே எடுத்து, திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

"வெளியில வந்தா எங்க போவே?"

"அங்கதான்க்கா. இன்னும் எண்பதாயிரம் பாக்கி இருக்கு. கட்டலைன்னா கேஸ் போடுவாங்களாம்."

நகை, துணிமணி, சாப்பாடு, ரயில் டிக்கெட் என்று எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். இந்த ஒரு பயம்தான் எத்தனையோ பெண்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. இந்த பயத்துக்குச் சட்டத்தில் துளியும் இடமில்லை என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒரு பெண்ணை அப்படி அடைத்து வைத்தவர், கொடுத்த நகை, துணி, பணம் என்று எதைச் சொல்லியும் அவள்மேல் வழக்குப் போட முடியாது. அவளுடைய நகையையோ பணத்தையோ பிடித்து வைத்துக்கொண்டு போகவிடாமல் செய்தால், அதுவே அவளை அடைத்து வைத்ததாகக் கருதப்படும்.

அந்த வக்காலத்தை நாங்கள் ஆட்சேபித்தோம். மும்பை உயர் நீதிமன்றம் 2002-இல் பிரேரணா என்ற தொண்டு நிறுவனத்தின் வழக்கில் இதை முடிவுசெய்துவிட்டது. புரோக்கருக்கோ விடுதி நடத்துபவருக்கோ ஆஜராகும் வக்கீல் அதே வழக்கில் மீட்கப்பட்ட பெண்ணுக்கு ஆஜராகக் கூடாது. தீர்ப்பு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இந்தத் தந்திரம் இன்னும் நடக்கிறது. முதல் நாளே அவளுக்கென்று தனி வக்கீல் இல்லாததுதான் காரணம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும், ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கேட்டால்தான் வருகிறார்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். அண்ணனுக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவான் என்றாள். அண்ணி வீடும் வேண்டாம். கொஞ்ச நாள் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும், தையல் கற்றுக்கொள்ள வேண்டும். 19-ஆம் பிரிவில் அவளே மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பித்துப் பாதுகாப்பு கேட்கலாம். கேட்டாள், கிடைத்தது. அடுத்த மாதம் இன்னொரு பெண், முப்பது தாண்டியவர், என்னை யாரும் கடத்தவில்லை, என் மகனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், என்னை விட்டுவிடுங்கள் என்றார். அவருக்காகவும் அதே உறுதியோடுதான் வாதாடினேன்.

2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மூன்று பெண்களை விடுவித்தது. கீழ்க்கோர்ட் அவர்களை உத்தரப் பிரதேசத்தில் ஓர் இல்லத்தில் வைக்கச் சொல்லியிருந்தது. அவர்கள் மேஜர், விரும்பிய இடத்தில் வாழ அவர்களுக்கு அடிப்படை உரிமை உண்டு, அவர்கள் விருப்பத்தைக் கேட்காமல் அடைத்து வைக்க முடியாது என்று நீதிபதி சொன்னார். 2022 மே 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களின் உரிமை பற்றிய புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், பாதுகாப்பு இல்லங்களை மாநிலங்கள் ஆய்வு செய்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயதுவந்த பெண்களைக் காலவரையறைக்குள் விடுவிக்க உத்தரவிட்டது.

பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் கதை வேறு. அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாஜிஸ்திரேட் அல்ல, குழந்தைகள் நலக் குழுதான் முடிவெடுக்கும். போலி ஆதாரில் பத்தொன்பது என்று போட்டு வைத்திருப்பார்கள். அதை நம்பிக் கேஸ் போய்விட்டால் சிறுமி பெரியவளாகக் கணக்கில் வந்துவிடுவாள், கடத்தியவனுக்குப் போக்சோ சட்டம் பாயாது. வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்றிதழ், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். எலும்புப் பரிசோதனை கடைசியில்தான்.

அரசாங்கத்திடம் நாங்கள் தொடர்ந்து எழுதிக் கேட்பவற்றில் என்னை அதிகம் அரிப்பது வீட்டு விசாரணை. மும்பையில் இருந்து தமிழ்நாட்டு மாவட்டத்துக்குக் கடிதம் போகும். அங்கிருந்து ஒருவர் கிராமத்துக்குப் போவார். சில சமயம் போலீஸ் ஜீப்பிலேயே போவார். டீக்கடையில் வீடு எது என்று கேட்பார். பக்கத்து வீட்டில் "பொண்ணு எப்படி?" என்பார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் பெண் திரும்பிப் போகும் இடத்தை அந்த விசாரணையே இல்லாமல் செய்துவிடுகிறது. அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகிறது, அதுவரை அவள் உள்ளே. ஊருக்கு ஆள் அனுப்பும் முன், வீட்டுக்குத் தெரிவிக்கலாமா என்று வயதுவந்த பெண்ணிடம் கேட்க வேண்டும். முப்பது வயதுப் பெண்ணின் விடுதலை, அவளுடைய அப்பாவோ புருஷனோ தகுதியானவரா என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. 17-ஆம் பிரிவையே இதற்காகத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து.

மத்திய அரசின் ஆள்கடத்தல் தடுப்பு மசோதாவை 2018 ஜூலை 26-ஆம் தேதி மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019-இல் காலாவதியானது. அதிலும் இதே கோளாறு இருந்தது. வயதுவந்த பெண் எனக்கு இல்லம் வேண்டாம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தாலும், அது அவளாகக் கொடுத்தது அல்ல என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் நிராகரிக்கலாம். மிரட்டலில் கொடுத்த பத்திரங்களும் உண்டு என்பதை மேலே சொன்ன வக்காலத்தில் பார்த்தோம். அதற்கு வழி, அவளைத் தனியாக, அவளுடைய மொழியில், அவளுடைய வக்கீலை வைத்துக் கேட்பது. மசோதாவில் அது இல்லை. 2021-இல் இன்னொரு வரைவு வந்தது, அதுவும் சட்டமாகவில்லை. மறுபடி வரும்போது கருத்துச் சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும்.

இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 396-ஆம் பிரிவில், குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நடக்காவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். மருத்துவச் செலவு போன்ற இடைக்கால உதவியும் கேட்கலாம்.

உங்கள் ஊரில் யாருக்காவது இப்படி மும்பையில் இருந்து போன் வந்தால், பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் பெண்ணின் போட்டோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கான உதவிக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. ரயில் ஏறுவதற்கு முன்பே 15100-ஐக் கூப்பிட்டு, பெண்ணுக்கு வக்கீல் வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று பதிவுசெய்யச் சொல்லுங்கள்.