"அவனைப் பார்" என்றால் கூச்சம் போகாது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் சேரும் சமயத்தில் ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் பெற்றோர் பலர் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். "வீட்ல வாய் ஓயாம பேசுவான் மேடம், வெளியில ஒரு வார்த்தை வராது." போன வாரம் வந்த அம்மாவும் அதைத்தான் சொன்னார். பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "இவன் சித்தப்பா பையனுக்கும் இதே வயசுதான், மேடையேறி இங்கிலீஷ்ல பேசறான்" என்றும் சேர்த்துச் சொன்னார். அதுவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன், சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜையைப் பார்க்க ஆரம்பித்தான். அப்புறம் நான் என்ன கேட்டாலும் தலையாட்டல் மட்டும்தான்.

பையனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால், "ரோஷம் வரட்டும்னுதான் சொன்னேன்" என்கிறார்.

இந்த ரோஷக் கதையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். தன்னாலும் முடியும் என்று பாதியாவது நம்புகிற பிள்ளைக்குத்தான் ரோஷம் வரும். கூச்சப்படுகிற பிள்ளை ஏற்கெனவே நாள் முழுக்கத் தன்னை அடுத்தவரோடு ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை, அது பயந்துகொண்டிருந்ததை உறுதி செய்கிறீர்கள், அவ்வளவுதான். தன்னைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் மனிதர்கள் தங்களை எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார், அது இயல்பு. ஆனால் கூச்சமுள்ள பிள்ளை வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவனோடு மட்டும்தான் ஒப்பிட்டுக்கொள்ளும். தன் நெஞ்சு அடித்துக்கொள்வது அதற்குத் தெரிகிறது, அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிவதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன்: விடை தெரிந்திருந்தும் கை தூக்குவதில்லை. பேசாததால் பழக்கம் வருவதில்லை, பழக்கம் இல்லாததால் அடுத்த ஒப்பீட்டில் இன்னும் கீழே.

பதின்பருவத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்ற எண்ணம். 2000-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போட்டுக்கொள்ளவே சங்கடமான ஒரு டி-ஷர்ட்டைக் கொடுத்து மாணவர்களை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர்தான். இதைச் சொன்னால் பல பிள்ளைகள் முதல்முறையாகச் சிரிக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை இன்னும் தாமதமாகத்தான் கூட்டி வருகிறார்கள். 'அடக்கமான பொண்ணு' என்று ஊரே மெச்சிவிடுவதால், கல்லூரி முடித்து இன்டர்வியூவில் குரல் வராதபோதுதான் வீட்டுக்கே தெரிகிறது.

சரி, என்ன செய்வது? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் போடுவதை நிறுத்துங்கள். விருந்தாளி கேட்டால் பிள்ளைக்கு முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், நாலு விநாடி பொறுங்கள், பதில் வரும். கடைக்குப் போய் வாங்கிய பொருளை மாற்றிக் கேட்டு வாங்கி வருவது, கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்பது மாதிரிச் சின்ன வேலைகளைக் கொடுங்கள், மேடைப் பேச்செல்லாம் அப்புறம். ஆசிரியர்களே, கூச்சப்படும் பிள்ளையைத் திடீரென எழுப்பி நிறுத்தாதீர்கள். பக்கத்திலிருப்பவரோடு முதலில் பேசவிட்டு, பிறகு கேளுங்கள். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் போன வருஷத்துப் பிள்ளையோடு இந்த வருஷத்துப் பிள்ளையை ஒப்பிடுங்கள்.

அமைதியான பிள்ளைகள் எல்லோருக்கும் பிரச்சினை இல்லை. தனியாக இருப்பது பிடித்திருந்தால் விட்டுவிடலாம். பேச ஆசையிருந்தும் முடியாமல், வைவா என்கிற வாய்மொழித் தேர்வன்று வயிற்றைப் பிரட்டி, மதியச் சாப்பாட்டைக்கூட ஒளிந்து சாப்பிட்டு, இப்படியே ஆறு மாதத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். நேரில் வரத் தயக்கமா, 14416 என்ற டெலி-மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பிள்ளை தானே பேசுகிறேன் என்றால் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.